கழிப்பதா, வகுப்பதா? இரண்டு சதவீதங்களுக்கு நடுவே ஒரு வழக்கு

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் எக்ஸெலில் மாதாந்திர ஷீட்டுகள் போடுவது என் வேலை. ஏப்ரல் மாதக் கூட்டத்துக்கு நான் கொண்டுபோன ஷீட்டில் இருபது வரி இருந்தாலும் எல்லோரும் பார்க்க வந்தது ஒரே வரியைத்தான். மார்ச்சில் ரிஜெக்ட் 4.8%, ஏப்ரலில் 3.6%. பக்கத்துச் செல்லில் மாற்றம்: -1.20%.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இத்தனை பாடுபட்டு ஒரு சதவீதம்தானுங்களா குறைஞ்சிருக்கு?"

புரொடக்‌ஷன் மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இல்லீங்க சார், நாலுல ஒரு பங்கு குறைஞ்சிருக்குதுங்க. இருபத்தஞ்சு சதவீதம்னு போட்டிருக்கோணும்." செல்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து 1.2-ஐ 4.8-ஆல் வகுத்து நீட்டினார். 0.25.

சுவரோரம் உட்கார்ந்திருந்த குடோன் அக்கா பொறுமையாகச் சொன்னார்: "சதவீதமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ரிஜெக்ட் மூட்டை போன மாசத்தை விட இந்த மாசம் சாஸ்திதான் வந்துருக்குது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கொடுமை என்னவென்றால் மூன்று பேர் சொன்னதும் சரி. தப்பு என் ஷீட்டில்தான் இருந்தது, அதுவும் கணக்கில் அல்ல. அந்தச் செல்லுக்கு நான் வைத்திருந்த "மாற்றம் %" என்ற தலைப்பில்.

இரண்டு சதவீதங்களுக்கு நடுவிலான மாற்றத்தைச் சொல்ல நேர்மையான வழிகள் குறைந்தது நான்கு இருக்கின்றன. எதை எங்கே எடுப்பது என்று அன்று வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃபார்முலாக்களில் பி2, சி2 என்று தமிழில் எழுதியிருக்கிறேன்; ஷீட்டில் ஆங்கில எழுத்தாக அடித்துக்கொள்ளுங்கள். பி2 பழைய சதவீதம், சி2 புதிய சதவீதம்.

முதலில் எக்ஸெல் செய்கிற குறும்பைச் சொல்லிவிடுகிறேன். 4.8% என்று ஒரு செல்லில் அடித்தால் உள்ளே இருப்பது 0.048. சதவீதக் குறி என்பது மேலே போட்ட சட்டை மட்டும். கூகுள் ஷீட்ஸிலும் இதே கதைதான். இப்போது

=சி2-பி2

என்று அடித்தால் விடை -0.012. ஆனால் கழிக்கப்பட்ட இரண்டு செல்லும் சதவீதச் சட்டை போட்டிருப்பதால் விடையும் அதே சட்டையை மாட்டிக்கொண்டு -1.20% என்று வந்து நிற்கும். இன்னொரு செல்லில்

=(சி2-பி2)/பி2

என்று அடித்தால் விடை -0.25. அதற்கும் நாமே சதவீதக் குறியைப் போட்டு -25.00% ஆக்கிவிடுவோம். வெவ்வேறு சாதி எண்கள் இரண்டு, ஒரே சட்டையில். முதலாவது நூறு பீஸில் எத்தனை பீஸ் குறைந்தது என்று சொல்கிறது. இரண்டாவது, பழைய ரிஜெக்ட்டில் எத்தனை பங்கு குறைந்தது என்று சொல்கிறது. பார்க்கிறவருக்கு எது எது என்று தெரிய வழியே இல்லை.

கழித்து வருவதற்குச் சதவீதப் புள்ளி என்று பெயர். வங்கிக்காரர்கள் இதையே இன்னும் நூறாகப் பிரித்து அடிப்படைப் புள்ளி என்பார்கள், 0.25 சதவீதப் புள்ளி என்றால் 25 அடிப்படைப் புள்ளி. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 2025 பிப்ரவரியில் 6.50-லிருந்து 6.25 ஆக்கியபோது நம் செய்தித்தாள்கள் "0.25 சதவீதம் குறைப்பு" என்றுதான் போட்டன. இலக்கணப்படி பார்த்தால் "0.25 சதவீதப் புள்ளி" என்று இருக்க வேண்டும். ஆனாலும் யாரும் குழம்பவில்லை, ஏனென்றால் 6.50, 6.25 இரண்டும் பக்கத்திலேயே அச்சாகியிருந்தன. இந்த விஷயம் பின்னால் உதவும்.

புள்ளிக் கணக்கு நமக்குப் புதிதும் அல்ல. ஊரில் கைமாற்று வாங்குகிறவர்கள் "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். ரெண்டு வட்டிக்கு வாங்கிய கடனை மூணு வட்டி ஆக்கினால் "ஒரு வட்டி ஏத்திட்டான்" என்பார்களே தவிர "அம்பது சதவீதம் ஏத்திட்டான்" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000 கட்டிக்கொண்டிருந்தவர் இனி 3,000 கட்ட வேண்டும். கையை விட்டுப் போகிற காசு ஐம்பது சதவீதம் கூடிவிட்டது. பேச்சு கழித்தலில், வலி வகுத்தலில்.

கழித்தலுக்கு இருக்கிற பெரிய வசதி, அதன் விடைகளைக் கூட்டலாம். ரெப்போ 2025-ல் நான்கு தடவை இறங்கியது: பிப்ரவரியில் 0.25, ஏப்ரலில் 0.25, ஜூனில் 0.50, டிசம்பரில் 0.25. கூட்டினால் 1.25. தொடக்கம் 6.50, முடிவு 5.25, வித்தியாசம் அதே 1.25. இதையே ஒவ்வொரு தடவையும் வகுத்து எழுதினால் 3.85%, 4.00%, 8.33%, 4.55% என்று வரும். கூட்டினால் 20.7. தொடக்கத்தையும் முடிவையும் நேராக வைத்து வகுத்தாலோ 19.2%. மாதா மாதம் வகுத்துப் போட்டு, வருஷக் கடைசியில் அந்த நெடுவரிசைக்குக் கீழே ஒரு கூட்டல் போட்டு வைத்திருக்கும் ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். போட்டும் இருக்கிறேன், மறைப்பானேன்.

ஏற்றமும் இறக்கமும் ஒன்றுக்கொன்று சரியாவதும் கழித்தலில்தான். 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4.00-லிருந்து 6.50-க்கு ஏறியது: 2.50 புள்ளி, அல்லது 62.5% ஏற்றம். மறுபடி 4.00-க்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியில் அதே 2.50 இறக்கம். வகுத்தலில் 38.5% இறக்கம்தான். ஏறிய அதே படிக்கட்டில் இறங்கினால் படியின் எண்ணிக்கை மாறிவிடுகிறது என்று சொன்னால் முதலாளிகள் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பூஜ்யம், கழித்தல் குறி இரண்டையும் கழித்தல் தாங்கும், வகுத்தல் தாங்காது. போன மாதம் ஒரு லைனில் ரிஜெக்ட்டே இல்லை, இந்த மாதம் 0.5% என்றால் வகுத்தல் செல்லில் #டிஐவி/0! என்று கத்தும். சிலர் இஃப்எரர் போட்டு அதைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள். அதாவது ரிஜெக்ட் வர ஆரம்பித்த லைனுக்கு நேராக "மாற்றம் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். அதற்கு அந்தப் பிழையே மேல். லாப விகிதம் இன்னும் மோசம். போன காலாண்டில் 2% நஷ்டம், இந்தக் காலாண்டில் 3% லாபம். கழித்தால் 5 புள்ளி முன்னேற்றம், எல்லோருக்கும் புரியும். வகுத்தால் -250% என்று வரும். நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு வந்த கம்பெனி இருநூற்றைம்பது சதவீதம் விழுந்துவிட்டதாம். அடியில் ஏபிஎஸ் (கழித்தல் குறியை நீக்கும் ஃபார்முலா) போட்டுக் குறியைத் திருப்பினால் 250% ஆகும்; குறி சரியாகும், பொருள் அப்போதும் வராது.

இவ்வளவும் சொன்னால், எப்போதும் கழித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தோன்றும். மேனேஜரின் பக்கம் நின்று பார்த்தால் அது அநியாயம்.

4.8-ஐ 3.6 ஆக்குவதும் 50-ஐ 48.8 ஆக்குவதும் கழித்தலுக்கு ஒன்றுதான், இரண்டுமே 1.2 புள்ளி. தையல் லைனில் நிற்கிறவருக்கு ஒன்றா? ஊசி மாற்றும் நேரத்தைக் குறித்து வைத்து, எண்ணெய்க் கறை வருகிற மெஷினைத் தேடிப் பிடித்து, செக்கிங் மேசைக்கு மேலே ஒரு டியூப்லைட் கூடுதலாகப் போட்டு, வந்துகொண்டிருந்த நான்கு ரிஜெக்ட்டில் ஒன்றை வராமல் செய்திருக்கிறார். அந்த உழைப்பு வகுத்தலில்தான் தெரியும். ரிஜெக்ட், வேலைக்கு வராமை, வாராக்கடன் மாதிரி சின்னதாகவே இருக்கிற, சின்னதாகவே இருக்க வேண்டிய சதவீதங்களுக்குப் புள்ளிக் கணக்கு எல்லா முன்னேற்றத்தையும் "ஒன்றுமில்லை" என்று காட்டிவிடும்.

அதே காரணத்தால் வகுத்தல் ஊதியும் காட்டும். 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது: மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக் கட்டி உண்டாகும் அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன. 100% அதிகம். கேட்டவர்கள் நடுங்கிப் போனார்கள், ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் கூடின. இரட்டிப்பானது என்ன? ஏழாயிரம் பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும் என்பது. புள்ளியில் சொன்னால் 0.014. இடர் பற்றிப் பேசும் எல்லா வகுப்புகளிலும் இன்றுவரை இந்தக் கதையைச் சொல்கிறார்கள். "100%" பொய் இல்லை. அடியில் இருந்த எண்ணைச் சொல்லாமல் விட்டதில்தான் வினை.

அடி எண் சின்னதாக இருந்தால் இன்னொரு வில்லங்கம் ரவுண்டு செய்வதில் வரும். 0.2% என்று தெரிகிற செல்லுக்குள் 0.15-லிருந்து 0.25 வரை எது வேண்டுமானாலும் இருக்கலாம், 0.4% என்பதற்குள் 0.35 முதல் 0.45 வரை. "இரட்டிப்பானது" என்று நீங்கள் எழுதுகிற மாற்றம் உண்மையில் 40% ஏற்றமாகவும் இருக்கலாம், 200% ஏற்றமாகவும் இருக்கலாம். கழித்தலில் இதே பிசகு 0.1 புள்ளி கூடக் குறைய என்பதோடு முடிந்துவிடும். எங்கள் ஷீட்டிலேயே பாருங்கள், 4.8 என்பது உள்ளே 4.84 ஆகவும் 3.6 என்பது 3.55 ஆகவும் இருந்திருந்தால் மேனேஜரின் கால்குலேட்டர் 25 காட்டும், ஷீட் 26.65 காட்டும். கூட்டத்தில் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். ஆகவே மூல சதவீதத்தை எத்தனை தசமத்தில் அச்சடிக்கிறோமோ அத்தனை தசமத்துக்கு ரவுண்டு செய்துவிட்டு அதன் மேல் மாற்றத்தைப் போடுவதா, ரவுண்டு செய்யாத எண்ணில் போடுவதா என்பதை முன்னாடியே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ரவுண்டு செய்யாததில்தான் போடுகிறேன், மூலத்தை இரண்டு தசமத்தில் காட்டுகிறேன். கால்குலேட்டர் தட்டுகிறவருக்கும் ஏறக்குறைய அதே விடை வந்துவிடும்.

மூன்றாவது வழியை யாரும் சொல்லித் தருவதில்லை. சதவீதத்தைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தில் கணக்குப் போடுவது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2024-ல் 91.55%, 2025-ல் 93.80%. கழித்தால் 2.25 புள்ளி. வகுத்தால் 2.46%. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண், இரண்டும் சப்பென்று இருக்கின்றன. இப்போது தேறாதவர்களைப் பாருங்கள்: 8.45%-லிருந்து 6.20%. அங்கே வகுத்தால் 26.6% இறக்கம். முந்தைய ஆண்டில் தேறாதவர்கள் நான்கு பேர் என்றால் அதில் ஒருவருக்கு மேல் கரையேறியிருக்கிறார்கள். ஃபார்முலா

=((1-சி2)-(1-பி2))/(1-பி2)

தான், சுருக்கினால் =(பி2-சி2)/(1-பி2). நூறை நெருங்கி நிற்கிற எந்தச் சதவீதத்துக்கும், அதாவது தேர்ச்சி, வருகைப்பதிவு, சொன்ன தேதியில் ஷிப்மெண்ட் போவது போன்றவற்றுக்கு, மேலே ஏற இடமில்லாததால் நேர்ப்பக்க மாற்றம் எப்போதும் சப்பையாகத்தான் தெரியும். கழித்தலைப் புரட்டினால் குறி மட்டும்தான் மாறும், எண் அதேதான். வகுத்தலைப் புரட்டினால் எண்ணே மாறிவிடும். எங்கள் நிறுவனத்தில் "தேறிய பீஸ்" என்று பக்கத்தை மாற்றியிருந்தால் 95.2-லிருந்து 96.4, வெறும் 1.26% ஏற்றம். மேனேஜர் அழுதிருப்பார். எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது என்பதால், நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: காசு செலவாகிற பக்கம் எதுவோ அந்தப் பக்கத்தைத்தான் ஷீட்டில் வைப்பேன்.

நான்காவது, சதவீதத்தையே விட்டுவிட்டு அடியில் இருக்கிற பீஸுக்கும் ரூபாய்க்கும் இறங்கிவிடுவது. குடோன் அக்காவின் வழி.

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியபோது ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், சோப்பு எல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்தன. அன்று எங்கள் தெருக் கடையில் ஒரு வாக்குவாதம். "பதிமூணு சதவீதம் குறைச்சாச்சுன்னு டிவியில சொல்றான், 118 ரூபா ஷாம்புக்கு 15 ரூபா 34 காசு குறையணுமே, நீ என்ன 13 ரூபாதான் குறைக்கிறே?" கடைக்காரர் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தார், ஆனால் அவர் குறைத்தது சரி. 118 என்பது 100 ரூபாய்ச் சரக்கும் 18 ரூபாய் வரியும். புது விலை 105. வரி விகிதம் இறங்கியது 13 புள்ளி. வரித் தொகை இறங்கியது 72.2%. வாங்குகிறவர் கொடுக்கிற விலை இறங்கியது 11.0%. மூன்று எண், மூன்றும் நிஜம். வாடிக்கையாளருக்கு வேண்டியது மூன்றாவது, அதை முதல் இரண்டிலிருந்து நேராக எடுக்க முடியாது. 28-லிருந்து 18-க்கு வந்த டிவி, ஏசிக்கும் இதே சங்கதிதான்: 10 புள்ளி, ஆனால் 128 என்பது 118 ஆவதால் விலை இறங்குவது 7.8%.

வீட்டுக் கடனும் இப்படித்தான். 25 லட்சம், 20 வருஷம், வட்டி 8.75%-லிருந்து 7.50% ஆகிறது என்று வையுங்கள். புள்ளியில் 1.25. வகுத்தால் வட்டி விகிதம் 14.3% குறைவு. இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாதத் தவணை அவ்வளவு குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எக்ஸெலில் தவணை கணக்கிடும் பிஎம்டி ஃபார்முலாவில் போட்டால் தவணை 22,093-லிருந்து 20,140 ஆகும்; குறைவது 1,953 ரூபாய், 8.8%. தவணையில் அசலும் கலந்திருப்பதால் வட்டியில் விழுந்த அடி முழுசாகத் தவணையில் விழுவதில்லை. நண்பர்கள் யாராவது "வட்டி இவ்வளவு குறைஞ்சிருக்கே, வங்கி மாத்தட்டுமா?" என்று கேட்டால், சதவீதத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இந்த இரண்டு தவணைகளையும் எழுதிக் கொடுத்துவிடுவேன். கூடவே மாற்றுக் கட்டணத்தையும்.

எங்கள் ரிஜெக்ட் கதைக்கு வருவோம். மார்ச்சில் தைத்தது 40,000 பீஸ், ரிஜெக்ட் 1,920. ஏப்ரலில் ஒரு பெரிய ஆர்டர் வந்து 60,000 பீஸ் தைத்தோம், ரிஜெக்ட் 2,160. விகிதம் இறங்கியிருக்கிறது, மூட்டை ஏறியிருக்கிறது, 240 பீஸ் அதிகம். குடோன் அக்கா கண்ணால் பார்த்தது அதைத்தான்.

இந்த எண்களை எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பழைய விகிதமே நீடித்திருந்தால் ஏப்ரலில் 60,000-க்கு 2,880 ரிஜெக்ட் ஆகியிருக்கும். ஆனது 2,160. மிச்சம் 720 பீஸ். முதலாளியின் 1.2 புள்ளியை 60,000-ஆல் பெருக்கினால் 720. மேனேஜரின் 25%-ஐ 2,880-ஆல் பெருக்கினாலும் 720. இரண்டு பேரும் ஒரே 720 பீஸைத்தான் வேறு வேறு பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி மனசில் ஓடுவது மொத்த உற்பத்தி. மேனேஜர் மனசில் ஓடுவது ரிஜெக்ட் குவியல்.

ஆக எந்த வழியை எடுப்பது என்று யாராவது கேட்டால், இந்த எண்ணை வாங்கிக்கொண்டு போகிறவர் அதை எதோடு பெருக்கப்போகிறார் என்று திருப்பிக் கேட்கிறேன். மொத்த பீஸோடு, மொத்தக் கடனோடு, மொத்த மாணவர் எண்ணிக்கையோடு பெருக்கப்போகிறார் என்றால் கழித்துக் கொடு. ரிஜெக்ட் செலவோடு, கட்டிக்கொண்டிருக்கும் வட்டித் தொகையோடு பெருக்கப்போகிறார் என்றால் வகுத்துக் கொடு. பெருக்கவே போவதில்லை, ஒரு முடிவு எடுக்கப்போகிறார் என்றால் ரூபாயாக மாற்றிக் கொடு. ஒன்றும் தெரியாத இடத்தில் என் கை தானாகக் கழித்தலுக்குத்தான் போகும். தப்பாகப் புரிந்துகொண்டாலும் அது பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும், ஊதிக் காட்டாது. செய்தி எழுதுகிறவர்களும் விளம்பரம் எழுதுகிறவர்களும் வகுத்தலுக்கு ஓடுவது ஏன் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

பல லைன்களைச் சேர்த்துப் போடும் சதவீதம் பற்றி ஒரு வார்த்தை. மாற்றம் போடுவதற்கு முன், போடப்படுகிற சதவீதமே சரியாக இருக்க வேண்டும். ஒரு லைனில் 3,000 பீஸுக்கு 2%, இன்னொரு லைனில் 500 பீஸுக்கு 8% ரிஜெக்ட். ஆவரேஜ் போட்டால் 5%. ஆனால் 60-ம் 40-ம் சேர்ந்து 100 பீஸ், 3,500-க்கு. உண்மை விகிதம் 2.86%. சதவீதங்களின் சராசரியை எடுத்து, அதன் மாற்றத்தை எடுத்து, அதற்கு ஒரு கிராஃபும் போட்டால் மூன்று மாடித் தப்பு. ரிஜெக்ட் பீஸ், மொத்த பீஸ் என்ற இரண்டு நெடுவரிசைகள் ஷீட்டில் இல்லாமல் வெறும் சதவீதம் மட்டும் வைத்திருந்தால் இதைச் சரிசெய்யவே முடியாது. எண்களைத் தானே தொகுத்துத் தரும் பிவட் டேபிளில் 'டிஃபரன்ஸ் ஃப்ரம்' என்பது கழித்தல், '% டிஃபரன்ஸ் ஃப்ரம்' என்பது வகுத்தல். இரண்டையும் சதவீத நெடுவரிசையின் மேல் போடாமல், மொத்தங்களை வகுக்கிற கால்குலேட்டட் ஃபீல்டின் மேல் போடுங்கள்.

இனி சட்டையைக் கழற்றுகிற வேலை. புள்ளி வருகிற செல்லில் சதவீதக் குறியே இருக்கக்கூடாது.

=(சி2-பி2)*100

என்று போடுங்கள். உடனே -120.00% என்று காட்டினால் பயப்பட வேண்டாம், பழைய சட்டை இன்னும் உடம்பில் இருக்கிறது. ஃபார்மட் செல்ஸில் கஸ்டம் போய்

+0.00" புள்ளி";-0.00" புள்ளி";0.00" புள்ளி"

என்று கொடுத்தால் -1.20 புள்ளி என்று அழகாக வரும். கூகுள் ஷீட்ஸிலும் கஸ்டம் நம்பர் ஃபார்மட்டில் இதையே ஒட்டலாம். உள்ளே எண் எண்ணாகவே இருக்கும், கூட்டலாம், வரிசைப்படுத்தலாம். சிலர் மேற்கோளும் & குறியும் போட்டு வார்த்தையை ஃபார்முலாவிலேயே ஒட்டுவார்கள்; அப்படிச் செய்தால் செல் எழுத்தாகிவிடும், அப்புறம் அதை எதனோடும் கூட்ட முடியாது.

வகுத்தல் செல்லுக்கு நான் இப்போது வைத்திருக்கிற தலைப்பு "பழைய ரிஜெக்ட்டில் எத்தனை சதவீதம்". நீளம்தான், இரண்டு வரியாக மடக்கி வைத்திருக்கிறேன். "மாற்றம் %" என்ற தலைப்பை எந்த ஷீட்டிலும் விடுவதில்லை. இரண்டு மூலச் சதவீதங்களும் எப்போதும் அதே வரியில் இருக்கும், மறைக்கப்பட்ட நெடுவரிசையில் போகாது. ரெப்போ செய்தியைத் தப்பாக எழுதியும் யாரும் தப்பாகப் படிக்காததற்குக் காரணம் அதுதானே. அப்புறம் பீஸ் எண்ணிக்கை, குடோன் அக்காவுக்காக.

மே மாதக் கூட்டத்துக்கு இந்தப் புது ஷீட்டோடு போனேன். கை பழகாத ஒரு புது ஸ்டைல் லைனுக்கு வந்திருந்ததால் ரிஜெக்ட் 3.6%-லிருந்து 4.2% ஆகியிருந்தது. முதலாளி எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே மேனேஜர் ஷீட்டின் மேல் விரலை வைத்தார். "0.6 புள்ளிதானுங்க சார் ஏறியிருக்கு."

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்துச் செல்லைப் பார்த்தார். +16.67%.

"ஏனுங்க, போன மாசம் வகுத்தீங்க. இந்த மாசம் கழிக்கிறீங்களா?"